கூட்டத்துக்கு வேளை குறித்தல்

குடியிருப்போர் சங்கம் ஒன்றைத் தொடங்குகிறவர்கள் அதன் துணைவிதிகளை எழுதுவதில் செலுத்தும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கைக்கூட, அச்சங்கம் எந்த நாளில், எந்த வேளையில் கூடவேண்டும் என்று ஆலோசிப்பதில் செலுத்துவதில்லை. காரியதரிசிக்கு ஒழிந்த நேரமே எல்லோருக்கும் ஒழிந்த நேரம் என்று கொண்டு, ஒரு தேதியைக் குறித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, அன்றைக்கு வந்து சேர்ந்தவர்கள் நிர்வாகக் குழுவினரும் அவர்களுடைய நண்பர்கள் சிலரும் மட்டுமே என்று கண்டதும், ஜனங்களுக்குப் பொதுக்காரியத்தில் அக்கறை கிடையாது என்று தீர்ப்புக் கூறிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வராதவர்களில் சோம்பேறிகளும் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர், தங்களால் வரமுடியாத வேளையில் அழைக்கப்பட்டவர்கள் என்பதே இந்த ஆசிரியனின் அபிப்பிராயம். அதனை விளங்க வைப்பதற்கு, பெருநகரத்து அடுக்குமாடிகளை விட்டுவிட்டு, வங்கக் கடலுக்கு அப்பாலுள்ள கார் நிக்கோபாரை இந்த அத்தியாயத்துக்கு உதாரணமாகக் கொள்கிறேன்.

நகரத்தில் மின்விளக்கும் வாகனமும் நம்முடைய பிழைகளை மூடி மறைத்துவிடுகின்றன. ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவிலோ, சூரியனும் கப்பலும் தேவாலய மணியும் ஒரு நாளின் உருவத்தை வெளிப்படையாக வகுத்துவைத்திருப்பதால், தவறான வேளையில் கூட்டிய கூட்டம் அப்போதே தன் தவற்றைக் காட்டிவிடும். 1974-ஆம் வருஷம் தனி மாவட்டமாக அமைந்த நிக்கோபாருக்கு இதுவே தலைமையிடம். 2011-ஆம் வருஷத்துக் கணக்குப்படி ஏறத்தாழ 17,800 பேர் வாழ்கிறார்கள். மூஸ், லபாத்தி, சக்சூச்சா, தமலூ, பெர்க்கா, மலாக்கா, ககானா, அரோங், சவாய் முதலிய கிராமங்களைத் தீவைச் சுற்றிச் செல்லும் சாலை இணைக்கிறது.

சென்னையில் நாம் அறிந்த வகையிலான வீட்டுரிமையாளர் சங்கத்தை இங்கே தேடுவது வீண். 1956-ஆம் வருஷத்துப் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளியார் அனுமதியின்றித் தீவுக்குள் வருதலும் நிலம் கொள்ளுதலும் கூடா. நிலமும் தென்னந்தோப்பும் தனி மனிதருடையவை அல்ல. துஹெட் என்னும் பெரிய கூட்டுக் குடும்பத்துக்கு உரியவை. பஞ்சாயத்து ராஜ் முறை நிக்கோபாரின் பழங்குடிப் பகுதிகளுக்கு நீட்டப்படவில்லை; அதற்குப் பதிலாகக் கிராம சபைகளும், கேப்டன்கள் என்று வழங்கப்படும் கிராமத் தலைவர்களும், அவர்களுக்கு மேலே பழங்குடி கவுன்சிலும் உண்டு; 2009-ஆம் வருஷத்து ஒழுங்குமுறைச் சட்டம் இவற்றுக்குச் சட்ட உருவம் தந்தது. இப்பழங்குடியினரோடு, ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் மின்நிலையத் தொழிலாளராகவும் வந்து அரசாங்கக் குடியிருப்புகளில் வசிப்போர், தமிழர் உட்பட, ஒரு சிறு தொகையினர். தண்ணீர்த் தொட்டி, குப்பை, தெருவிளக்கு, பாதை என்று பேசவேண்டிய சங்கதிகள் இரு சாராருக்கும் ஒன்றே.

முதலில் சூரியனைப் பார்ப்போம். இந்தியாவின் கடிகாரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு ஓடுகிறது. கார் நிக்கோபாரோ 93 பாகைக்குச் சற்றே மேற்கில், அந்த ரேகைக்கு வெகு கிழக்கே இருக்கிறது. ஆகவே கடிகாரம் காட்டுவதைவிட ஏறத்தாழ 40 நிமிஷம் முன்னதாகவே இத்தீவின் பகல் தொடங்கி முடிந்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் காலை 5 மணிக்கே பொழுது விடியும். டிசம்பரில் மாலை 5 மணி அடித்துச் சில நிமிஷங்களில் சூரியன் மறைந்துவிடும். வருஷத்தின் நீண்ட பகலிலும் 5.45-க்குமேல் அது நிற்பதில்லை. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர், அலுவலகம் முடிந்து சிற்றுண்டி உண்டு வர வசதியாயிருக்கும் என்று பழக்கத்தின் காரணமாக மாலை 6.30-க்குக் கூட்டம் குறிப்பாராயின், அவர் தம்மையறியாமல் இரவுக் கூட்டம் ஒன்றைக் குறித்தவராவார். மலேரியா வெகுகாலம் வருத்திய தீவில், மழையில் நனைந்த பாதையில், கைக்குழந்தையோடு ஒரு தாய் அந்த நேரத்தில் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரர்கள் இந்தச் சங்கடத்தை வெகுநாள் முன்பே உணர்ந்து, இந்திய நேரத்துக்கு ஒரு மணி முந்திய தோட்ட நேரம் ஒன்றைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். சங்கத்துக்கு அவ்வளவு துணிச்சல் வேண்டியதில்லை. அறிவிப்பில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் எழுதி, அந்த முடிவு நேரம் சூரியாஸ்தமனத்துக்கு ஒரு மணி முன்னதாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். டிசம்பரில் 4 மணிக்கு எல்லோரும் எழுந்துவிட வேண்டும் என்பது இதன் பொருள், அப்படியானால் 2.30-க்குத் தொடங்கவேண்டும். முடியும் நேரத்தை எழுதாத அழைப்பை நான் அரை அழைப்பு என்றே சொல்வேன். வீட்டில் அடுப்பும் நோயாளியும் குழந்தையும் உள்ளவர்கள் தொடக்கத்தைவிட முடிவையே முதலில் கேட்கிறார்கள்.

சூரியனுக்கு அடுத்தபடி உழைப்பு. தேங்காய் பொறுக்குதலும் உரித்தலும் கொப்பரை உலர்த்துதலும் முற்பகலை எடுத்துக்கொள்கின்றன. தோப்பில் திரியும் பன்றிகளை மாலையில் கூவியழைத்துத் தேங்காய் போடுவது, நிக்கோபாரிக் குடும்பத்தில் எந்தத் தீர்மானத்துக்காகவும் தள்ளிவைக்கக்கூடிய காரியமன்று. பன்றி அவர்களுக்குச் செல்வம், விருந்து, மரியாதை ஆகிய மூன்றும் ஆகும். இளைஞர்களுக்கு மாலையில் கால்பந்து மைதானம் இருக்கிறது. அவர்களைக் கூட்டத்தில் காணவேண்டுமானால் ஆட்டத்துக்கு முன்னே முடித்துவிட வேண்டுமே தவிர, ஆட்டத்தை நிந்தித்துப் பயனில்லை. குடியிருப்புகளிலோ வேறு கணக்கு. பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் பெயரால் விளங்கும் மருத்துவமனையிலும் மின்நிலையத்திலும் முறைவேலை பார்ப்பவர்களுக்கு எந்த ஒரு வேளையும் எல்லாருக்கும் ஒழிந்த வேளையாக அமையாது. இத்தகைய இடங்களில் ஒரே நேரத்தை நிரந்தரமாக வைத்துக்கொண்டால், ஒரே முறைக்காரர்கள் நிரந்தரமாக வெளியே நிற்பார்கள். ஒரு தடவை சனிக்கிழமைப் பிற்பகல், மறு தடவை வேலைநாளின் முற்பகல் என்று மாற்றிமாற்றி வைத்து, எந்த முறைக்காரருக்கு எந்தக் கூட்டம் தவறும் என்பதை வருஷத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. எவரேனும் இருமுறை தொடர்ந்து விடுபடுவதாகத் தெரிந்தால் அட்டவணையைத் திருத்தவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் தவறாமல் ஒரு யோசனை சொல்வார்கள்: எல்லோரும் ஓய்வாயிருக்கும் நாள், தேவாலயத்திலே ஒன்றாகக் கூடும் நாள், அதையே வைத்துக்கொண்டால் என்ன என்று. மூஸ் கிராமத்தில் பிறந்து, புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்து, 1952-ல் முதல் மக்களவையில் தீவுகளின் பிரதிநிதியாக அமர்ந்த ஜான் ரிச்சர்ட்சனின் வாழ்நாளில் இத்தீவு ஏறக்குறைய முழுவதும் கிறிஸ்தவமாயிற்று. ஞாயிறு இங்கே ஓய்வுநாள் என்பதினும் புனிதநாள் என்பதே பொருந்தும். அன்றைக்குக் குப்பை வரியைப் பற்றி வாதம் செய்வது பலருக்கு உவப்பாயிராது. ஆயினும் செய்தி சொல்வதற்கு அதைவிடச் சிறந்த நாள் இல்லை. ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது பெரியவர் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லும் இரண்டு வாக்கியம், பலகையில் ஒட்டிய பத்துத் தாள்களுக்குச் சமானம். ஆகவே ஞாயிறு அறிவிப்புக்கும், வேறொரு நாள் விவாதத்துக்கும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் பிற்பாதியைக் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் விட்டுவிடுவதே விவேகம். எந்தக் கிராமத்தில் பன்றித் திருவிழா வருகிறது, எங்கே ஓடப் பந்தயம் நடக்கிறது என்பதையும் முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். அவற்றின் ஆயத்தங்கள் நாட்கணக்கில் ஜனங்களை இழுத்துக்கொள்பவை.

இனிக் கப்பல். மூஸ் துறையில் போர்ட் பிளேர்க் கப்பல் வரும் நாளன்று (2024 முதல் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) வியாபாரி சரக்குக்காகவும், நோயாளியின் உறவினர் இடத்துக்காகவும், விடுமுறை கிடைத்தவர் ஊருக்காகவும் துறைமுகத்தில் நிற்பார்கள். அன்றைக்குக் கூட்டம் என்பது நடவாத காரியம். கப்பல் அட்டவணை வெளிவந்த பின்பே தேதி குறிக்கவேண்டும் என்பது எளிய விதி. அதைவிட நுட்பமான அபாயம் ஒன்றுண்டு: கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ வந்திறங்கும் விருந்தினருடைய நேரத்துக்குக் கிராமத்தின் கூட்டத்தைப் பொருத்திவிடுவது. அதிகாரி வந்திருக்கிறார், நாளைக் காலை திரும்பிவிடுவார், ஆகையால் இன்றைக்கே கூடித் தீர்மானித்துவிடுங்கள் என்கிற அவசரத்தில் எடுத்த தீர்மானம், எடுத்தவர்களுடையதாக இருப்பது அபூர்வம்.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை இத்தீவின் கடற்கரைக் கிராமங்களைத் துடைத்துச் சென்ற பின் நேர்ந்ததை இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். கரையோரத்தில் எல்-பனம் என்று ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு பொதுவெளி இருந்தது. விருந்தினரைத் தங்கவைப்பதும், விழா எடுப்பதும், ஊர் கூடிப் பேசுவதும் அங்கேதான். கிராமங்கள் உள்நிலத்துக்கு நகர்ந்தபோது அந்தக் கூடுமிடமும் வாழ்வின் மத்தியிலிருந்து விலகிப்போயிற்று. நிவாரணம் தர வந்தவர்கள் பலர். அவர்களுக்கு அவகாசம் குறைவு. அந்தமான் நிக்கோபார் முழுவதிலுமாக அரசாங்கம் 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகளைக் கட்டித் தந்தது பெரிய காரியமே. ஆயினும் வரிசை வரிசையாகத் தனிக்குடும்பத்துக்கென்று அமைந்த அவ்வீடுகள் துஹெட்டின் கூட்டு வாழ்வுக்குப் பொருந்தவில்லை என்ற விமரிசனம் பிற்பாடு எழுந்தது. கேப்டன்களைக் கேட்காமல் எதுவும் நடக்கவில்லை என்று சொல்லலாம். கேட்டது உண்மையே ஆனாலும், கேட்கப்பட்டவர் வீட்டுக்குப் போய்த் தம் மக்களைக் கேட்டுவர எத்தனை நாள் கொடுத்தோம் என்பதே கேள்வி.

இந்த அத்தியாயத்தில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் சங்கதி இதிலேதான் இருக்கிறது. வெளியூர்ப் பார்வைக்கு, கூட்டம் என்பது ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கூரையின்கீழ் நிகழ்வது. நிக்கோபாரிக் கிராமத்தில் கூட்டத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் தமக்காக மட்டும் பேசுவதில்லை. ஒரு துஹெட்டின் சார்பாகப் பேசுகிறார். வீட்டின் மூத்த பெண்மணி என்ன நினைக்கிறாள், தோப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பி என்ன சொல்கிறான் என்பதை அறியாமல், சபையில் புதிதாகக் கேட்ட ஒரு யோசனைக்குத் தலையசைக்க அவரால் இயலாது. அவர் பேசாதிருந்தால் அதைச் சம்மதம் என்று குறிப்பெழுதுகிறவன் பிழை செய்கிறான். ஆகவே எந்தப் பெரிய விஷயத்தையும் இரண்டு அமர்வுகளாகப் பிரித்து, முதல் அமர்வில் விஷயத்தை விளக்கி, கேள்விகளுக்கு விடை சொல்லி, கையெழுத்தோ வாக்கோ கேளாமல் கலைந்துவிட்டு, குறைந்தது பத்து நாள் இடைவெளி விட்டு, இரண்டாவது அமர்வில் தீர்மானத்துக்கு வரவேண்டும். அந்தப் பத்து நாட்களில் அடுப்பங்கரையிலும் தோப்பிலும் நடக்கும் பேச்சே மெய்யான கூட்டம். தமிழ்நாட்டு அடுக்குமாடிகளிலும் இது பொருந்தாமலில்லை. வீட்டுப் பத்திரத்தில் பெயருள்ளவர் கணவர். தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்பவர் மனைவி. வாடகைக்குக் குடியிருப்பவருக்கோ சபையில் இடமே இல்லை. இடைவெளி விட்டால்தான் இவர்களுடைய குரல் எவர் வாயிலாகவேனும் உள்ளே வரும்.

இதற்கேற்ப, அழைப்பில் என்ன எழுதுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று துணைவிதி கூறுகிறதோ அது குறைந்தபட்சமே. பொருள்களைத் தெளிவாக எழுதவேண்டும். ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பின்கீழ்ப் பணச்செலவுள்ள எதையும் நுழைக்கலாகாது. கார் நிக்கோபாரில் நிக்கோபாரியிலும் இந்தியிலும் எழுதி, தமிழர் மிகுந்த குடியிருப்பில் தமிழிலும் எழுதினால், வேறு பிரசாரம் தேவைப்படாது.

கோரம் என்னும் குறைந்தபட்ச வருகையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டியிருக்கிறது. நம் ஊர்ச் சங்கங்கள் பலவற்றின் விதிகளில், குறித்த எண்ணிக்கை சேராவிட்டால் அரை மணி கழித்து அதே இடத்தில் மீண்டும் கூடலாம், அப்போது வந்திருப்பவர் எத்தனை பேராயினும் அது செல்லும் என்று ஒரு வாசகம் காணப்படும். சங்கம் முடங்கிவிடக்கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு எழுதிய வாசகந்தான். ஆயினும் அதைக் கைவசம் வைத்திருக்கும் நிர்வாகத்துக்கு, நல்ல வேளையைத் தேடும் நிர்ப்பந்தம் சிறிதும் இல்லாமற் போகிறது. யாரும் வராத வேளையே அவர்களுக்குச் சௌகரியமான வேளையாகிவிடுகிறது. வருஷாந்தரக் கட்டணத்தை உயர்த்துவது, ஒப்பந்தக்காரரை நியமிப்பது, பொது இடத்தை மாற்றியமைப்பது ஆகிய மூன்றுக்கும் அரை மணி விதி செல்லாது, வேறொரு நாளில், வேறொரு வேளையில்தான் மறுபடி கூடவேண்டும் என்று திருத்திக்கொள்வது உத்தமம். வேறொரு வேளையில் என்ற சொற்கள் திருத்தத்தில் அவசியம் இருக்கவேண்டும். அதே வேளையில் மீண்டும் அழைத்தால் அதே பேர்தான் வருவார்கள்.

நிலையான தேதிகளின் அருமையையும் கவனிக்கவேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை முன்பு வருஷத்துக்கு நான்கு முறை கூடிற்று. 2022 முதல் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாட்கள். அழைப்பு வராவிட்டாலும் நாள் தெரியும் என்பது இதன் பெரிய பலம். மே மாத வெயிலில் முற்பகல் 11 மணிக்கு மரத்தடியில் முதியவர்களை உட்காரவைப்பது சிலாக்கியமா என்று கேட்டால் விடை வேறு. நாளை நிலையாக வைத்துக்கொண்டு வேளையை மட்டும் ஊருக்கேற்ப மாற்றுவதில் தடையொன்றுமில்லை. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். பனி உருகிப் பாதை சேறாகும் முன்பு, விதைப்பு வேலை தொடங்கும் முன்பு, உழவனுக்குக் கை ஒழிந்திருக்கும் காலம் அது. ஸ்விட்ஜர்லாந்தின் கிளாரஸில் மே மாதத்து முதல் ஞாயிறன்று வெட்டவெளியில் கூடிக் கையுயர்த்துகிறார்கள். நம்முடைய உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில், முதல் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய வருஷங்களில் பொறிக்கப்பட்டவற்றில், குடவோலை எடுக்கும் நாளன்று இளையோரும் முதியோருமாக மகாசபை நிறைந்திருக்கவேண்டும் என்றும், அன்று ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் உடனிருக்கவேண்டும் என்றும் விதி கண்டிருக்கிறது. அச்சபை அந்தணர் ஊரின் சபை. அதில் இடமில்லாதவர் அநேகர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கூட்டம் நிறைந்திருப்பதை வந்தவர்களின் தயவுக்கு விடாமல் கூட்டுகிறவர்களின் கடமையாக வைத்தார்களே, அது கவனிக்கத்தக்கது. கார் நிக்கோபாரில் இப்படி நிலைநாள் வகுப்பதாயின், மே முதல் டிசம்பர் வரை மழை பெய்யும் என்பதை மனத்தில் கொண்டு, பெரிய தீர்மானங்களை ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள வறண்ட மாதங்களில் அடக்கிவிட வேண்டும்.

2020-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி போர்ட் பிளேருக்கும் கார் நிக்கோபார் உள்ளிட்ட பிற தீவுகளுக்கும் வந்து சேர்ந்தது. அதன் பயனாக, விடுமுறையில் ஊர் சென்றிருப்பவரும், சிகிச்சைக்காகப் போர்ட் பிளேரில் தங்கியிருப்பவரும் காணொளி வழியாகக் கலந்துகொள்ளலாம். நேரில் வரமுடியாதவருக்கு இது உபகாரம்; நேரில் வரக்கூடியவரை வீட்டிலேயே நிறுத்திவிடுவதற்குச் சாக்கு அல்ல. திரையில் தோன்றுகிறவர் முதலில் பேசட்டும் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்வது நலம். இணைப்பு நடுவே அறுந்துவிடினும் அவர் சொல்லவேண்டியது சொல்லப்பட்டிருக்கும்.

ஒத்திவைப்பு ஒன்றுதான் பாக்கி. கடல் கொந்தளித்துக் கப்பல் நாள் மாறலாம். கிராமத்தில் ஒரு மரணம் நேரலாம். அப்போது கூட்டம் நடவாது, நடத்தவும் கூடாது. புதிய தேதிக்காக நிர்வாகக் குழு மறுபடி கூடி, மறுபடி அறிவித்து, அதற்குள் விஷயம் ஆறிப்போகாதபடி, எந்தக் காரணத்தால் நின்றாலும் அடுத்த வாரம் அதே கிழமை, அதே வேளையில் நடைபெறும் என்று முதல் அழைப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். அந்த இரண்டாம் தேதியும் கப்பல் நாளாக இல்லாதபடி முன்பே பார்த்துவைப்பது காரியதரிசியின் பொறுப்பு.